இடப்பக்கம் மட்டும் இறுக்கிய ஷொக்

கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில், ஏற்றும் பாரத்துக்குத் தக்கபடி மோட்டார் சைக்கிளின் பின் ஷொக்கை, அதாவது குலுக்கல் தாங்கும் சுருளை, இறுக்கித் தர என்னை விட்டால் ஆளில்லை.

இது பச்சைப் பொய். வண்டி வாங்கிய புதிதில் ஷொக்கை இறுக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. பின்சில்லின் இரண்டு பக்கமும் மினுங்கிக்கொண்டு நிற்கும் அந்தச் சுருள் கம்பிகளை அழகுக்குப் பூட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் தலைக்குப் பூசி மிஞ்சிய எண்ணெயை அதற்கும் பூசுவேன். இரண்டும் வெளியில் மட்டும் பளபளக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண்வீட்டில் குடியேறியிருந்தேன். பொத்துவிலில் இருந்த மனைவியின் சாச்சி, அவளுடைய உம்மாவின் தங்கை, எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார். அவருக்குக் கொடுக்க ஒரு மூட்டைப் புது அரிசி, உடுப்புப் பை, பின்னால் மனைவி. ஒத்திகைக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காரைதீவு வரை போனோம். மதகுக்கு மதகு பின்பக்கம் "டங்" என்று இடித்தது.

திரும்பி வந்து இறங்கியதும் மனைவி சொன்னாள்: "நாளைக்கும் இப்பிடி இடிச்சா நான் நானாவோட பஸ்ஸில போவன். நீங்க மூட்டையோட வாங்க."

அவளுடைய நானா, அதாவது என் மச்சான், வாசலில் நின்று சிரித்தார். "மாப்புள, அரிசிமூட்டைக்கு விருந்து வெக்க சாச்சிக்கும் விருப்பந்தான்!"

புது மாப்பிள்ளை விருந்துக்குத் தனியாகப் போய் இறங்கினால் பொத்துவில் முழுக்க என் கதைதான் ஓடும். அன்று பின்னேரமே முற்றத்தில் குந்தினேன். சுருளின் அடியில் ஒரு வளையம் இருக்கிறது, அதைத் திருப்பினால் படிப்படியாகச் சுருள் இறுகும் என்று மச்சான் காட்டினார். அதுபோதும், என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. எங்கள் பெண்கள் இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டுப் பக்கவாட்டில்தானே இருப்பார்கள்? அப்படியானால் பாரம் இடப்பக்கம்தானே? இடப்பக்க ஷொக்கைக் கடைசிப் படி வரை இறுக்கினேன். வலப்பக்கத்தைத் தொடவேயில்லை. இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள் என்று பெருமைப்பட்டேன். அது மட்டும் உண்மை.

மறுபடி ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். ஒவ்வொரு குழியிலும் வண்டி இடுப்பை வெட்டிக்கொண்டு வயல்பக்கம் இழுத்தது. மனைவி என் சேர்ட்டைக் கிழியும் வரை பிடித்திருந்தாள்.

"நிப்பாட்டுங்க!" இறங்கிப் போய்ப் பின்னால் நின்று பார்த்தாள். "இஞ்ச ஒரு பக்கம் விறைச்சிப்போய் நிக்கிது, மத்தப் பக்கம் தொங்குது. ஒரு கால் கட்டையான கட்டில்ல ஆராச்சும் படுப்பாங்களா?"

"பாரம் ஒன்ட பக்கம் புள்ள..."

"ஓ, நான் பாரமா?"

வீட்டுக்கு வந்து இரண்டு பக்கத்தையும் ஒரே படியில் வைத்தேன். பின்னால் கரியரில் கிடந்து முன்சில்லைத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கி, பெட்ரோல் டேங்கின் மேல் எனக்கு முன்னால் கட்டினேன். பிறகு அவளைப் பின்னால் இருத்திக்கொண்டு காரைதீவு மதகுகள் எல்லாவற்றிலும் வண்டியை வேண்டுமென்றே ஏற்றினேன். ஒரு "டங்" இல்லை. பின்னாலிருந்தும் ஒரு சத்தமில்லை. என்ன முகத்தோடு இருக்கிறாள் என்று பார்க்கக் கண்ணாடியைத் திருப்பினேன்.

"ரோட்டப் பாருங்க," என்றாள். பஸ்ஸைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அடுத்த நாள் விடிய, புது மாப்பிள்ளைக்கான மிடுக்கோடு வெளிக்கிட்டேன். திருக்கோவிலைத் தாண்டினோம். கோமாரிப் பக்கம் நடுரோட்டில் ஒரு எருமை. நான் பிரேக்கை அமத்தி...

"இஞ்சேருங்க! நான் வண்டியில ஏறி இருந்து எவ்வளவு நேரம்? வெயில் ஏறுது, வாங்க!"

இத்தனை வருடத்துக்குப் பிறகும் வாசலில் இருந்து அதே குரல்தான்; எருமைக் கதை பிறகு. வாறன் புள்ள, வாறன்.