ஞாயிற்றுக்கிழமைப் பருப்பு

சோற்றுப் பிடியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஆண்டியப்பன் வாயில் போடுவார். போட்ட பிறகும் உடனே மெல்லமாட்டார். "இது நிக்குமா ஓடுமான்னு தெரியலீங்க வாத்தியாரய்யா" என்பார். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு அடுத்தாற்போல் என் வீடு. இரண்டு வருஷமாக இந்த வயிற்றுப் புராணத்தைக் கேட்டு என் காது புளித்துப் போய்விட்டது.

இலங்கையில் இந்த டிக்கோயாப் பக்கத்தில் கவ்வாத்து வெட்ட இவரைப் போல இன்னொரு கை கிடையாது. கத்தியை ஓர் இழுப்பு இழுத்தால் தேயிலைக் கிளை சுத்தமாக விழும். ஆனால் விடியலில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா பேர் கூப்பிட ஆரம்பித்ததும் இவருக்கு வயிறு முறுக்கும். ஓடிப்போய்ப் புதர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் பேர் தாண்டிப் போயிருக்கும்.

முதலில் மிளகாயை விட்டார். பிறகு கருவாடு, தேங்காய், கடைசியில் பருப்பையும் விட்டார். ஆள் பாதியானதுதான் மிச்சம். தோட்டத்து டிஸ்பென்சர் நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். "ஒண்ணுமில்லாத வயிறு எதுக்குங்க வலிக்குது?" என்று என்னிடம் வந்து கேட்டார். படித்தவன் நான், சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

அவர் மனைவி பேச்சியம்மாதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் எதைத் தின்றாலும் இவரை ஒன்றும் செய்வதில்லை. உடனே மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? அன்றைய பருப்பில்தான் விசேஷம் என்று முடிவு கட்டி, ஒரு கிண்ணம் எடுத்துவைத்து, திங்கட்கிழமை விடியலில் தின்றுவிட்டுப் போனார். பேர் கூப்பிடும்போது வழக்கம்போல ஓட்டம். "வயித்துக்குக் கெழம எப்படிங்க தெரியும்?" என்றார்.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து மாதாமாதம் சிலருக்கு வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டைக் கொடுத்து, பேரை வெட்டி, குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். சீக்காளிகள்தான் முதலில். ஆண்டியப்பன் பிறந்ததே இந்தத் தோட்டத்தில். அக்கரையில் இவரைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. "சீக்குன்னு தெரிஞ்சா அனுப்பிருவாங்கய்யா" என்று நடுங்குவார். பயத்தால் வயிறா, வயிற்றால் பயமா, எங்கள் இருவருக்குமே பிடிபடவில்லை.

நேற்றுக் காலை கண்டாக்கையா வாசித்த பத்துச்சீட்டுப் பட்டியலில் இவர் பேர் இருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தாராம். மத்தியானம் ஆறுதல் சொல்லலாமென்று போனேன். பேச்சியம்மா அடுப்படியில் முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். இவர் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார்.

"வயித்துக்குள்ள சத்தமே காணோமுங்க வாத்தியாரய்யா. எனக்கு ஒண்ணும் புரியல."

அவர் காலித் தட்டைப் பேச்சியம்மாவின் பக்கம் நீட்டினார், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி.