என்ன செடி என்று தெரியாது

மராத்திப் பக்கம், கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் சுப்பையா, பெட்டிகளைப் பழுது பார்க்கும் யார்டில் ஃபிட்டர். உள்ளே வந்து நிற்கும் ரயிலின் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் முப்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியவன் இல்லை.

ஏப்ரலில் ஒருநாள் காலை, பெட்டியின் படியிலிருந்து இறங்கும்போது எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கி விழுந்தான். வலது கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி பவுன் கோந்த்வாவில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவாள். மகள் சஹானாவுக்கு ஐந்து வயது, கோடை விடுமுறை. ஆக, ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத இரண்டு பேரும் ஒன்றரை அறை வீட்டுக்குள் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

முதல் வாரம் போனுக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் சண்டை போட்டே கழிந்தது. இரண்டாவது வாரம் ஒரு மதியம், சுப்பையா நாற்காலியில் உட்கார்ந்தபடி ரசத்துக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தான். சஹானா பலகையில் ஒட்டியிருந்த விதை ஒன்றை விரலில் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இந்த பீஜ் உள்ள பேபி இருக்கா?"

விதை என்ற சொல் அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இந்தியில் கேட்ட பீஜ்தான் தெரியும். சுப்பையாவும் யோசிக்காமல், "ஆமா, தூங்குது" என்றான்.

"எழுப்பலாமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பவுன் கீழே வேப்ப மரத்தடியிலிருந்து ஒரு பை மண் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு வந்த காலி டப்பாவில் மண்ணைத் திணித்து, விரலை முழுசாக உள்ளே விட்டுக் குழி பறித்து, விதையைப் போட்டு மூடினார்கள். சஹானா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தண்ணீர் ஊற்றினாள். காலையில் பல் தேய்க்கும் முன்பே மண்ணைக் கிளறி, எழுந்துவிட்டதா என்று பார்த்தாள். டப்பாவில் ஓட்டை இல்லை. ஒன்பதாம் நாள் மேலே வெள்ளையாகப் பூசணம் படர்ந்து வீடெல்லாம் ஒரு வாடை அடித்தது.

அவள் அழவில்லை. டப்பாவை அவன் மடியில் கொண்டுவந்து வைத்தாள். "நீ ஜூட் சொன்ன. உள்ள பேபி இல்ல."

பொய் சொன்னாய் என்கிறாள். அது சுப்பையாவுக்குச் சுருக்கென்று தைத்தது. யார்டில் தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல அவன் ஒருநாளும் செய்ததில்லை. தெரியவில்லை என்றால் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவான். வீட்டில் மட்டும், சின்னப் பிள்ளைதானே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறான்.

அன்று மதியம் போனில் கார்ட்டூனுக்குப் பதில் வேறொன்று ஓடியது. நாசிக் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு மனிதர் இந்தியில் நிதானமாகப் பேசினார். அப்பாவும் மகளும் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து கேட்டார்கள். விதையை அது எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆழத்தில் வைத்தால் போதும். மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். தண்ணீர் கீழே வடிய வேண்டும். தாங்கள் செய்தது ஒவ்வொன்றும் தப்பு என்று தெரிந்தபோது சுப்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. "பேபிய நாமதான் முக்கிக் கொன்னுட்டோம்ட்டி" என்றான். சஹானா கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தாள்.

பவுன் கம்பெனிக்குப் பக்கத்து நர்சரியில் தேங்காய் நார்த்தூள் கட்டியும் மூன்று விதைப் பாக்கெட்டும் வாங்கி வந்தாள். தக்காளியும் காரமிளகாயும் சுப்பையா கேட்டது. குடமிளகாய், பாக்கெட்டில் இருந்த படத்துக்காகச் சஹானா கேட்டது. சுப்பையா ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சி டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டான். ஸ்ரீகண்ட் டப்பா, தயிர் டப்பா, முட்டை அட்டை என்று ஜன்னல் திட்டு நிறைந்தது. சமைப்பதற்குத் தனக்கும் ஒரு டப்பாவை விட்டு வைக்கும்படி பவுன் கேட்டுக்கொண்டாள்.

தண்ணீர் ஊற்றும் கைக்கு என்ன செய்வது? இருமல் மருந்து பாட்டிலின் மூடியைக் கழுவிச் சஹானாவிடம் கொடுத்து, ஒரு குழிக்குக் காலையில் ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி, அதுதான் டோஸ் என்றான். மருந்து விஷயத்தில் அவள் மிகவும் கண்டிப்பு. ஒரு சொட்டுக்கூட அதிகம் விடவில்லை. கிளறிப் பார்க்கும் கைக்கு வேறு வழி செய்தான். கண்ணாடி டம்ளரின் உட்பக்கம் ஈரக் காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு ராஜ்மாக் கொட்டையைச் செருகி வைத்தான். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம், தோண்ட வேண்டாம்.

நாலாம் நாள் காலை வீட்டில் அவள் சத்தமே இல்லை. சுப்பையா கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். டம்ளருக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். ராஜ்மா ஒன்றின் தோல் பிளந்து, பால்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வேர் வளைந்து வெளியே வந்திருந்தது.

"சத்தம் போடாத அப்பா. வருது."

அவன் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கப் பட்ட பாடு வேறு கதை. ஆனால் அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசாமல் ஒரு ராஜ்மாக் கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் நாள் தக்காளி முளைத்தது. மிளகாய்கள் பன்னிரண்டு நாள் காக்க வைத்துத் தலைகாட்டின. எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்து ஒடிசலாக வளர ஆரம்பித்ததும், வெயில் போதவில்லை என்று தெரிந்துகொண்டான். காலையில் கிழக்கு ஜன்னல், மதியத்துக்கு மேல் பின்பக்கப் பால்கனி, அங்கே கேலரி என்பார்கள். டப்பாக்களைத் தட்டில் அடுக்கி இடுப்பில் அணைத்து ஒற்றைக் காலில் குதித்துக் குதித்துப் போவான்; சஹானா முன்னால் போய், வழியில் யாரும் இல்லாவிட்டாலும் "சைட், சைட்" என்று கத்தி வழி விலக்குவாள்.

எது எந்தச் செடி என்று சஹானாதான் படம் வரைந்து டப்பாக்களில் ஒட்டியிருந்தாள். சிவப்பு வட்டம் தக்காளி, பச்சை வட்டம் குடமிளகாய், பச்சைக் கோடு காரமிளகாய். மே மாதக் கடைசியில் ஒரு மதியம் சுப்பையா கண்ணயர்ந்து எழுந்தபோது, அத்தனை படமும் அவன் மாவுக்கட்டில் வரிசையாக ஒட்டியிருந்தது. கட்டு அழகாக இல்லை, அதனால் ஒட்டினேன் என்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தான். தன் காலைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். சாயங்காலம் பவுனும் அதைப் பார்த்துச் சிரித்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் போட்டோ எடுத்தாள்.

படம் இல்லாமல் எது எந்தச் செடி என்று இனி இலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தக்காளி இலையைக் கசக்கி முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு மிளகாய்க்கும் இலையும் ஒரே மாதிரி, தண்டும் ஒரே மாதிரி. நாசிக் தோட்டக்காரருக்குப் படம் அனுப்பிக் கேட்டான். காய் வரும்வரை தன்னாலும் சொல்ல முடியாது என்று அவர் பதில் எழுதினார்.

கட்டுப் பிரித்தாயிற்று. ஜூனில் மழை வந்தது. நாற்பத்தாறு கன்றுகள் நின்றன. கேலரியில் பத்துக்குமேல் வைக்க இடமில்லை. மற்றதை எல்லா வீட்டுக்கும் கொடுக்கலாம் என்றாள் சஹானா. சுப்பையாவுக்குக் கூச்சமாக இருந்தது. பதினோரு வருஷமாக அதே கட்டடம். படியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, பாதிப் பேரின் பெயரே தெரியாது. ஆனால் அவள் ஏற்கெனவே கீழ் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் போனான்.

கதவைத் திறந்த ராஜஸ்ரீ, எந்த மிளகாய் என்று மராத்தியில் கேட்டாள்.

"மாஹித் நாஹி" என்றாள் சஹானா. தெரியாது என்பதை அவ்வளவு பெருமையாக யாரும் சொல்லி ராஜஸ்ரீ கேட்டதில்லை போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வீட்டிலிருந்து சுப்பையாவே முந்திக்கொண்டு, காரமாகவும் இருக்கலாம், காரமில்லாமலும் இருக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தான்.

மூன்றாம் மாடியில் லூர்துசாமி. ரயில் ஓட்டுகிறவர், தனியாள், தமிழ்க்காரர். ஆனாலும் அவர் குடிவந்த ஏழு வருஷத்தில் இருவரும் பேசியது பத்து வார்த்தை இருக்காது. இரண்டு மிளகாய்க் கன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி எம்புட்டு ஊத்தணும்?" என்று சஹானாவிடம் கேட்டார். அவள் பாவாடைப் பையிலிருந்து மருந்து மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பெரிசான அப்புறம் ஜாஸ்தி" என்றும் சொல்லி வைத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

சுப்பையா வேலைக்குத் திரும்பினான்; சஹானா ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். ஜூலை மழையில் முதல் பூக்களெல்லாம் கொட்டிப்போயின. கேலரிக்குக் கேலரி குரல் கொடுத்து விசாரிப்பது வழக்கமாயிற்று: உங்களுடையது கொட்டிற்றா, எங்களுடையதும் கொட்டிற்று. ஆகஸ்டில் நாலு தக்காளி பழுத்தன. மழையில் தோல் வெடித்திருந்தது. நின்ற இடத்திலேயே உப்புத் தொட்டுத் தின்றுவிட்டார்கள். பவுன் தன் பங்கைத் தின்றுவிட்டு, ரசத்துக்கு ஒன்றாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்றாள். ஆனால் விரலை நக்கிக்கொண்டேதான் சொன்னாள்.

கணபதி பண்டிகை வருவதற்குள் மிளகாய் விஷயமும் வெளிச்சமாயிற்று. ராஜஸ்ரீ வீட்டில் ஒன்று காரம், ஒன்று குடமிளகாய். சுப்பையா வீட்டில் நின்ற ஆறு மிளகாய்ச் செடியும் காரம். சஹானா அரைமணி நேரம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. லூர்துசாமி, யூனிஃபார்மில், டியூட்டி முடித்து வந்தவர். கையில் சஹானாவின் முஷ்டியைவிடப் பெரிதாக, பளபளவென்று ஒரு குடமிளகாய்.

"எனக்கு ரெண்டுமே இதுதாம்மா வந்திருக்கு. எனக்குக் காரம்தான் பிடிக்கும். மாத்திக்கிடலாமா?"

சஹானா அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். கேலரிக்கு ஓடி, தன் செடியில் இருந்த மிளகாயை ஒன்றுவிடாமல் பறித்துக்கொண்டு வந்தாள். இத்தனை எதற்கு என்றார் அவர். "அது பெரிசு இல்ல?" என்றாள்.

சுப்பையா அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னான். அவர் தயங்கிச் செருப்பைக் கழற்றினார். பவுன் குடமிளகாயை நறுக்கித் தோசைமேல் தூவினாள். மழை விட்ட பிறகு என்ன விதைக்கலாம் என்று பேச்சு வந்தது. லூர்துசாமி முள்ளங்கி என்றார், சுப்பையா வெண்டை என்றான். தர்பூசணி என்றாள் சஹானா. மாடிக் கேலரியில் அது எங்கே படரும் என்று இரண்டு ஆண்களும் வெகு கவலையோடு யோசிக்க ஆரம்பித்தார்கள். தோசை ஆறுகிறது, முதலில் சாப்பிடுங்கள் என்று பவுன் சொல்ல வேண்டியிருந்தது.