தோணியில் மகன் முகம்

வாவிக் காற்றுக்காக வளைவுகளைத் திறந்துவைத்துக் கட்டிய பல்கலைக்கழகச் சிற்றாலயம் அது. அதன் பீடச் சுவரில் புயலை அடக்கும் யேசுவைத் தீட்டியவர் பனிச்சங்கேணி பூபாலப்பிள்ளை. அம்மன் கோயில்களுக்குப் படம் கீறிப் பழகிய சைவ மனிதர். தோணியிலிருந்த சீடர் ஒருவருக்கு, யுத்தத்தில் காணாமல்போன மகன் கேதீசனின் முகத்தையே வைத்துவிட்டார்.

இந்த வருடத் திருநாளுக்கு மாணவர்கள் சீடர்களின் முகங்களைச் சுற்றிப் பூமாலை ஒட்டியிருந்தார்கள். பூபாலப்பிள்ளை ஏணியில் ஏறி, மகன் முகத்தைச் சுற்றியிருந்த மாலையை மட்டும் பிய்த்தெடுத்தார்.

"என்ன ஐயா செய்யிறீங்க? புனிதருக்குப் போட்ட மாலையெல்லோ!" என்று பாதிரியார் பதறினார்.

"செத்தவன்ட படத்துக்குத்தான் மாலை, ஃபாதர். இவன் வருவான்."

"பதினாறு வருசத்துக்கு மேலாச்சே, ஐயா..."

"ஓம், அதுவும் சரிதான்" என்றவர், வெள்ளை வர்ணம் குழைத்து, மகனின் காதோரத்தில் நாலு நரைமயிர் கீறிவிட்டு இறங்கினார்.