ஆச்சிப் பொம்மையைக் குளிப்பாட்டிய பரீட்சை

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் நர்சிங் படித்தேன். புத்தி கொஞ்சம் மட்டு என்பதால், சொல்லிக்கொடுத்த விதிகளை உடும்பாகப் பிடித்துக்கொள்வது என் வழக்கம்.

செய்முறைத் தேர்வுக்கு நிஜ நோயாளியைத் தர மாட்டார்கள். கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும். அதை நாங்கள் ஆச்சி என்போம். அசைய முடியாதவரைப் படுக்கையிலேயே குளிப்பாட்டிக் காட்ட வேண்டும். அதைப் பொம்மையாக நினைக்கக் கூடாது, எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று டீச்சர் தொண்டை வற்றச் சொல்லியிருந்தார்.

நான் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். ஸ்கிரீனை இழுத்து மறைக்காமலே ஆச்சியின் துணியை விலக்கிவிட்டேன். இந்த முறையும் தவறினால், அப்பா வேலை பார்த்த பேண்டேஜ் தறிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. காயத்துக்குக் கட்டுப்போட ஆசைப்பட்டவள் கட்டுத்துணி மடிக்க வேண்டியதுதான்.

அதனால் உள்ளே போனதும் சக்கரம் வைத்த ஸ்கிரீனை இழுத்தேன். அது போதாதென்று பக்கத்துக் கட்டிலுடையதையும் இழுத்துவந்து, இடுக்கு இல்லாமல் சுற்றி அடைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த தேர்வு நடத்தும் அம்மா நாற்காலியோடு வெளியே மாட்டிக்கொண்டார். அது என் மண்டையில் ஏறவே இல்லை.

உள்ளே ஜோராகக் குளிப்பாட்டினேன். தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டேன், கையைத் தூக்கப்போவதாகச் சொன்னேன், வாய் ஓயவில்லை. முதுகைத் துடைக்கும்போது பயம் முட்டிக்கொண்டு வந்தது.

"ஆச்சி, நீங்கதான் பாத்துக்கிடணும். இன்னைக்கும் பெயிலானா அப்பா என்னைய தறிக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ."

கொஞ்சம் அழவும் செய்தேன்.

எல்லாம் முடித்துப் பெருமையாக ஸ்கிரீனை விலக்கியபோதுதான் அந்த அம்மாவின் முகம் தெரிந்தது. என் திறமை முழுவதையும் பார்த்த ஒரே ஜீவன் அந்த ரப்பர் பொம்மை. அடுத்த பெண் வாசலில் நின்றாள், திரும்பச் செய்ய நேரமில்லை.

"நான் ஒண்ணும் பாக்கல. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார் அவர். "மூஞ்சியத் துடைக்கையில கண்ண மூடிக்கிடுங்கன்னு சொன்னியே, மூடினாவளா?" என்று கேட்டார்.

"மூடிட்டாவ மேடம்," என்றேன், யோசிக்காமல்.

அவர் கட்டிலை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெயிண்டால் வரைந்த இரண்டு கண்களும் அகலத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த அம்மா சிரிக்கவில்லை.

"பாஸ். போயி அப்பாகிட்ட சொல்லு," என்றார்.