ஒழுங்கை முகப்போடு நின்றவர்கள்

என் சிறுவயதில் எங்கள் வீட்டுச் சோற்றிலும் சவர்க்கார வாசம் இருந்தது. அம்மா எத்தனை தரம் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குழைத்துத் தந்தாலும், தேங்காயெண்ணெயும் "கோஸ்ரிக்" சோடாவும் மலிவான மல்லிகைச் "சென்ற்"றும் கலந்த அந்த நெடி பருப்புக்குள்ளிருந்து எழும்பி வரும். சாவகச்சேரிக்கு அப்பால், தென்னங்காணிகளுக்கு நடுவே இருந்த "சவுக்காரக் கொம்பனி"யில், வெட்டிய கட்டிகளைத் தாளில் சுற்றுகிற மேசையில் அம்மாவுக்கு வேலை. அப்பாவுக்கு அதே கொம்பனியில் கொதிகலனுக்கு நெருப்புப் போடுகிற வேலை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வானத்தில் இராணுவ "ஹெலி" சுற்றினால் வேலையை விட்டுவிட்டு மதிலோரம் ஓடுவதும், அது போனதும் திரும்பி வந்து மேசையில் உட்காருவதும் பழகிப்போயிருந்த காலம். அந்த வருடம் மாரி தொடங்குவதற்கு முன் முதலாளி கலவையை மாற்றினார். தோலை அரிக்கிற கோஸ்ரிக் காரம் கூடிய கட்டிகள் சரியாகக் காயுமுன்னரே சுற்றுகிற மேசைக்கு வரத் தொடங்கின. பெண்களின் விரல்நுனித் தோல் வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. ரப்பர் கையுறை கேட்டார்கள். கையுறை போட்டால் தாள் மடிக்கிற வேகம் குறைந்துவிடும் என்று மனேஜர் கையை விரித்துவிட்டார். வெறுங்கையோடு வேலை செய்ய மாட்டோம் என்று பதினொரு பெண்கள் எழுந்து நின்றார்கள். மறுநாள் காலையில் அந்தப் பதினொரு பேரை மட்டும் காவற்காரன் கேற்றில் மறித்துத் திருப்பி அனுப்பினான். அம்மா அவர்களில் ஒருவர்.

தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் இராசையா அண்ணை. பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் மீது எனக்கு அப்போதே மதிப்புக் குறைவு. இவர் மீது மதிப்பு இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் செய்த முதல் வேலை, அம்மாவின் கைகளை வெளிச்சத்தில் நீட்டச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்ததுதான். பதினொரு வீட்டிலும் அப்படித்தான் பார்த்தாராம். பிறகு எல்லோரையும் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காயத்துக்குச் சான்றாகத் துண்டு எழுதி வாங்கினார். அந்தத் துண்டுகளையும் பதினொரு கையெழுத்துகளையும் சேர்த்து, யாழ்ப்பாணத்திலிருந்த அரசாங்கத் தொழிற் கந்தோருக்கு ஒரு மனு எழுதினார். தொழிலாளர்களிடம் அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்: "அந்தப் பதினொரு பிள்ளையளும் உள்ளை போனால்தான் கொதிகலனுக்கு நெருப்பு."

பத்தொன்பது நாள் நெருப்பு இல்லை. முதல் வாரம் ஆண்கள் எல்லோரும் வீரர்களாகத்தான் திரிந்தார்கள். இரண்டாவது வாரம் கள்ளுக் கொட்டிலில் குரல் மாறியது. "உந்தாள் பொம்பிளையளின்ரை விரலுக்காக எங்கடை வயித்திலை அடிக்குது" என்று உப தலைவர் பரஞ்சோதி சொன்னதாக அப்பாவே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அது தன் கருத்து அல்ல என்பது போல முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபதாம் நாள் காலை இராசையா அண்ணை மனுவைப் பையில் வைத்துக்கொண்டு சாவகச்சேரி பஸ் நிலையத்தில் யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸுக்காக நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரவாங்கில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம் தண்ணி கேட்டார். கடையிலிருந்து தண்ணீர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார் என்று கண்டவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஆண்கள் செய்த துக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. மத்தியானத்துக்குள் சந்திச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டியாயிற்று. "தொழிலாளரின் விடிவெள்ளியே" என்று ஒன்று, "எங்களை அநாதையாக்கிவிட்டாயே" என்று ஒன்று. பத்தொன்பது நாளும் மறியலுக்கு ஒரு மட்டையில்கூட நாலு எழுத்து எழுதிப் பிடிக்காத மனிதர்கள், ஒரே பொழுதில் கறுப்புத் துணி வாங்கி, கொடி தைத்து, ஒழுங்கை நெடுகக் குருத்தோலை கட்டி முடித்தார்கள். கள்ளுக் கொட்டிலில் அவரை "உந்தாள்" என்றவர்களே பிணத்தின் காலடியில் விழுந்து புரண்டார்கள். பரஞ்சோதி கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்கிறவர் மாதிரி வீட்டு வாசற் படலையில் நின்றார். மனேஜர் ஒரு பெரிய மலர்வளையத்தோடு வந்து இறங்கியபோது அவருக்கு முன்னுக்குக் கதிரை போட இரண்டு பேர் ஓடினார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் என் அப்பா.

"நல்ல மனிசனுக்கு நல்ல செத்தவீடு" என்று பெரியம்மா திருப்தியாகச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. பறை முழங்கியதும் நானும் அழுதேன். மற்றவர்களைப் பார்த்து வந்த அழுகைதான் அது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் பாடையைத் தூக்கினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. தலைவிரி கோலமாகப் பாடைக்குப் பின்னால், ஒழுங்கை பெரிய றோட்டில் ஏறுகிற முகப்பு வரைக்கும் போய், அங்கே நின்று கதறிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அம்மாவும் மற்றப் பத்துப் பேரும் அப்படியே முகப்போடு நின்றார்கள். இராசையா அண்ணையின் மனைவி நிலத்தில் இருந்தபடியே அம்மாவின் உரிந்த கையைப் பிடித்து, "அந்தாள் விடியத் தேத்தண்ணியும் குடிக்கேல்லை. உங்கடை மனுப் பேப்பர் பேப்பரெண்டு ஓடினது" என்றார். ஆண்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் றோட்டில் ஏறிப் போனார்கள்.

பெரிய மனிதர் செத்தால் சுடலையில் கொள்ளி வைப்பதற்கு முன் இரங்கல் உரைகள் நடக்கும். அன்றைக்கும் நடந்தன. பெண்கள் ஒருவரும் இல்லாத அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை, பொழுது படுகிற நேரம் திரும்பி வந்து கிணற்றடியில் குளித்தபடி அப்பா சொன்னார். துவாயை வைத்துக்கொண்டு அம்மா நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன்.

"மனேஜரும் கதைச்சவர். சும்மா சொல்லப்படாது, பரஞ்சோதி திறமாக் கதைச்சவன்."

"என்ன கதைச்சவன்?"

"அண்ணை கொதிகலனோடை வாழ்ந்த மனிசன். அவரின்ரை ஆத்மா சாந்தியடைய வேணுமெண்டால் நாளைக்கே அது எரிய வேணும் எண்டான். சம்மதமெண்டால் கையைத் தூக்குங்கோ எண்டான்."

"எங்கடை விசயம்?"

"அது பிறகு ஆறுதலாக் கதைக்கலாமாம்."

"அப்ப அந்த மனு?"

அதைச் சொல்வதில் அப்பாவுக்கு ஒரு பெருமை இருந்தது. "அதை அண்ணையின்ரை நெஞ்சிலை வைச்சவை. கடைசியாய் அவர் கையிலை இருந்தது எண்டு. அதோடைதான் கொள்ளி வைச்சது. பாத்துக்கொண்டு நிண்ட எல்லாரும் அழுதிட்டம்."

டொக்டரின் துண்டுகளும், பதினொரு கையெழுத்துகளும், உரிந்த விரலால் பேனையைப் பிடித்து அம்மா எழுதிய பெயரும் அதில் இருந்தன. அதற்கு வேறு பிரதி இல்லை. ஒரு மனிதர் உயிர் போகிறபோதும் விடாமல் பிடித்திருந்த ஒன்றை, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் எரித்துவிட்டு, அதைப் பார்த்து அழவும் செய்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய மடத்தனத்தை மரியாதை என்று நினைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

"நீங்களும் கையைத் தூக்கினனீங்களோ?" என்று அம்மா கேட்டார்.

அப்பா இன்னொரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினார். "எல்லாரும் தூக்கேக்கை நான் மட்டும் என்னெண்டு..."

அம்மா துவாயைக் கிணற்றுக் கட்டின் மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஈரத்தோடு நின்ற அப்பாவைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு முழுதாகப் போகவில்லை.

மறுநாள் கொம்பனிப் புகைபோக்கியில் புகை வந்தது. புது மனு எழுதச் சொல்லி அம்மாவும் இரண்டு பேரும் பரஞ்சோதியிடம் போனார்கள். "செத்தவீட்டுத் துடக்கு நேரத்திலை உதைக் கதைக்கப்படாது. முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும்" என்றாராம், இப்போது தலைவராகிவிட்ட அவர். முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்தது. வழக்கப்படி இறந்தவரைப் பாடுகிற கல்வெட்டுப் புத்தகம் அச்சிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அவர் பிறந்த மண்ணின் பெருமை, வம்சத்தின் பெருமை, கொடைத்தன்மை எல்லாம் வெண்பாவில் இருந்தன. கையுறை என்ற சொல் எங்கும் இல்லை. அதற்குள் சுற்றுகிற மேசையில் புதிதாகப் பதினொரு இளம் பெட்டைகள் வெறுங்கையோடு உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். புண் ஆறாத விரலில் வெங்காயச் சாறு எப்படி எரிந்திருக்கும் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது கொம்பனி இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டுச் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்த பிறகு அங்கே மிஞ்சியிருந்த தகரத்தையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் காணியில் ஒரு தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது. அந்தச் சவர்க்காரத்தின் பெயரைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கையுயர்த்திய ஆண்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மீதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு, போன வருடம் "தலைவர் நினைவு மலர்" ஒன்று போட முடிவெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் அம்மாவுக்குப் போன் எடுத்து, "அக்கா, அண்ணையைப் பற்றி ரெண்டு வசனம் சொல்லுங்கோ, நாங்கள் எழுதிப் போடுறம்" என்றார்.

அம்மா யோசிக்காமல் சொன்னார்: "எங்கடை பேப்பரை ஏன் எரிச்சனீங்கள் எண்டு எழுதுங்கோ."

மலர் வந்தது. வழுவழுப்பான தாள், நிறப் படங்கள். அம்மாவின் பெயருக்குக் கீழே, "அண்ணையை நினைத்தால் இன்றும் துயரத்தில் எனக்குச் சொல் எழுவதில்லை" என்று அச்சிட்டிருந்தார்கள். நான் அதை உரத்து வாசித்துக் காட்டினேன். அம்மா ஒருதரம் கேட்டார், புத்தகத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

"அண்டைக்குச் சுடலையிலையும் உவங்கள்தான் எனக்குப் பதிலாக் கையைத் தூக்கினவங்கள்" என்றார்.