ஒரு துண்டு குறைவு

என் புத்தக அலுமாரியில் சோப்புப் பெட்டியளவில் ஒரு ரிலே பெட்டி இருக்கிறது. அதில் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. செய்தி முழுதாக வந்திருந்தால் பச்சையாகியிருக்கும்.

அண்ணை என்று நான் கூப்பிட்டவர் மிசிசாகா நகரில் என்னோடு வேலை பார்த்தவர். வயர்லெஸ் சிக்னல் நேரே எட்டாத இடங்களில், அதை இடையில் வாங்கிக் கடத்தும் பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தோம். அண்ணையின் முறையில் செய்தியைத் துண்டுகளாக்கி, ஒன்றோடொன்று கலந்து அனுப்பவேண்டும். வழியில் எது தொலைந்தாலும் பரவாயில்லை. போதியளவு வந்து சேர்ந்தால் செய்தி முழுதாகப் பிரிந்துவிடும். ஒன்று குறைந்தாலோ ஒரு சொல்லும் தெரியாது.

சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் உயர்ந்த மாடிக் கட்டடம் ஒன்றில் அதைப் பரிசோதித்தோம். கைபேசி எடுபடாத நிலக்கீழ் கார்த் தரிப்பிடத்தில் அண்ணை, படிக்கட்டு நெடுகப் பெட்டிகள், மேலே கடைசிப் பெட்டியோடு நான். மற்றவர்கள் பரிசோதனைக்கு எண்களை அனுப்புவார்கள். அண்ணை என்னைத் திட்டி அனுப்புவார். "தேத்தண்ணி எங்கையடா, சோம்பேறி?"

அவர் இதய நோயாளி. விளக்கு மஞ்சளில் நின்றால் விழுந்தடித்து இறங்கி ஓடுவேன். "செத்துப்போனன் எண்டு வந்தனியோ? ஒரு துண்டுதான் குறையுது, பொறடா" என்று சிரிப்பார். ஒருமுறை ஒற்றைச் சப்பாத்தோடு போய் நின்றேன். "மற்றதையும் கழட்டிப்போட்டு வா, இன்னும் கெதியா வரலாம்" என்றார்.

அன்றும் மஞ்சள். அன்றும் ஓடினேன். அண்ணை தூணோடு சாய்ந்திருந்தார். அவர் செய்தி எழுதி அனுப்பும் கருவி, கார்களிலிருந்து பனி கரைந்து தேங்கிய தண்ணீருக்குள் விழுந்து, அதில் எழுதியதும் அதோடு போயிருந்தது. வாழ்நாளில் ஒரேயொரு தடவை என் பதற்றம் சரியாக இருந்தது. அதனால் ஒருவருக்கும் பயனில்லை.

விட்பியில், செத்தவீட்டில், அண்ணையின் மனைவி என் கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, கடைசியா என்ன எழுதினவர்?"

"என்னைத்தான் ஏசியிருப்பார் அக்கா. தேத்தண்ணி பிந்திப்போச்சு."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிப் போனது.

அந்தக் கடைசிப் பெட்டியை அணைக்காமல் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன். இல்லாத துண்டின் இடத்தில் நான் எதைப் போடுகிறேனோ, அதற்கேற்ற செய்தி வருகிறது. ஒருநாள் தேத்தண்ணி கேட்கிறார். இன்னொரு நாள் "ஓடிவாடா" என்கிறார். கணக்குக்கு இரண்டும் சரி.

"உந்த லைற்றை நிப்பாட்டுங்கோவன்" என்கிறாள் என் மனைவி.

"பொறும், ஒரு துண்டுதான் குறையுது."

மஞ்சளைக் கண்டால் இப்போதும் கால் படிக்கட்டைத் தேடுகிறது. ஓடிப்போய்ப் பார்க்கத்தான் கீழே ஆளில்லை.