மண்டுவுக்கு அறிவு நாலு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முகப்பேரில், என் அலுவலக நண்பர் ஒருவரின் இரண்டாவது மாடி வீடு. கரூரிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் சென்னை எனக்கு ஒட்டவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அப்படியே அங்கேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிற அளவுக்கு இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு வீம்பு.

ஞாயிறுதோறும் நாங்கள் நான்கு பேர் அந்த வீட்டில் கூடி ஒரு விளையாட்டு விளையாடுவோம். வீட்டுக்கார நண்பர் கதை சொல்வார். மற்ற மூவருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். என்ன செய்யப்போகிறோம் என்று நாம் வாயால் சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். சென்னையை ஒட்டிய கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்த நண்பர் திருடன். சேக்காட்டிலிருந்து வரும் தோழி வைத்தியம் பார்க்கிறவள். நான் ஒரு ராட்சதன். முதல் நாள் உருட்டியதில் எனக்குப் பலம் பதினெட்டு, அறிவு நாலு என்று விழுந்தது. பதினெட்டுதான் உச்சம். அன்றைக்கே எனக்கு ‘மண்டு’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சண்டைக்குப் போடும் திட்டம் அறிவுள்ளவனுக்குத்தான் தெரியலாம், இல்லாதவனுக்குத் தெரியக் கூடாது. இது கதை சொல்பவரின் சட்டம். அதனால் மற்ற இருவரும் திட்டம் போடும்போது நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட வேண்டும். கேட்பவர்களுக்கு இது அவமானமாகத் தோன்றும். எனக்கோ அது ரொம்பப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க மென்பொருளில் எங்கே தப்பு வரும் என்று தேடுவது என் வேலை. அந்தப் பால்கனியில் மட்டும்தான் யாரும் என்னை யோசிக்கச் சொல்வதில்லை. தெருத் தண்ணீரில் பேருந்து மிதப்பது போல மெதுவாகப் போகும். எதிர்மாடியில் யாரோ எடுக்க மறந்த பச்சைத் துண்டு நனைந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே நிற்பேன். கொஞ்ச நேரத்தில் நான் யார், மண்டு யார் என்பதே கலங்கிவிடும். மண்டுவும் மழையை அப்படித்தான் பார்ப்பான்.

அன்றைக்குக் கதையில் ஒரு பள்ளத்தாக்கு, அடியில் ஆறு, மேலே கயிற்றுப் பாலம். அக்கரையில் நாங்கள் தேடி வந்த கோட்டை, வாசலில் மந்திரவாதி. அவன் ஒருமுறை நெருப்பை ஏவிவிட்டால், மறுபடி ஏவக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் வழக்கம்போல் பால்கனிக்குப் போனேன். மழை சட்டென்று நின்றது. உள்ளே பேசுவது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

“மண்டுவ முன்னாடி அனுப்பிடலாம். நெருப்பு அவன் மேல பூடும். அந்த கேப்ல நாம ஓடிப் பூந்துடலாம்” என்றார் திருடன்.

“பாவம்ப்பா” என்றாள் தோழி.

“அவனுக்கு இன்னா தெரியப் போவுது?”

நல்ல திட்டம். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும், விளையாட்டுதானே என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் வலித்தது. பார்த்தாயா, இவ்வளவுதான் இவர்கள் என்றது மனசு. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் உள்ளே போனேன்.

“மண்டு, நீ முன்னாடி போ மாமே. நாங்க பின்னாலயே வந்துகினு இருப்போம்” என்றார் திருடன், என்னைப் பார்க்காமல்.

வாயைத் திறந்தேன். ஆனால் விஷயம் எனக்குத்தான் தெரியும், மண்டுவுக்குத் தெரியாதே. ஒரு வருடமாக இவர்களோடு சுற்றி, இவர்கள் தூங்கும்போது காவல் இருந்தவன் அவன். என் சந்தேகத்தை எடுத்து அவன் வாயில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

“சரிங்கண்ணா” என்றேன். பாலத்தில் கால் வைத்தேன். அப்புறம் மண்டுவுக்கு ஒன்று தோன்றியது. “பாலம் ஆடுதுங்கண்ணா. நீங்க வர்றப்போ பயப்படாதீங்க, நான் கயித்தப் பிடிச்சுக்கறேன்.”

திருடன் தலையைச் சொறிந்தார். “அடப் போங்கப்பா. நானும் கூடப் போறேன். அவன் பக்கத்துலயே கீறேன்” என்றார். “நானும்” என்றாள் தோழி.

கதை சொல்பவர் திகைத்துவிட்டார். “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? மூணு பேரும் மாட்டிக்குவீங்க.”

“யோசிச்ச வரைக்கும் போதும்பா” என்றார் திருடன்.

நெருப்பு வந்தது. கயிறு எரிந்தது. ஒருவர் பகடைகூடக் கை கொடுக்கவில்லை. மூன்று பேரும் ஆற்றில் விழுந்தோம். ஒரு வருடமாகத் தேடிப் போன கோட்டை கைவிட்டுப் போனது. இதற்குமேல் கதை சொல்பவரிடமும் கதை இல்லை. வாய்க்கு வந்ததை மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். தண்ணீர் குளிரவில்லை என்றார். நிலா இருக்கிறது என்றார். மண்டு மல்லாந்து மிதக்கிறான், மற்ற இருவரும் அவன்மேல் சாய்ந்திருக்கிறார்கள், கரையெல்லாம் தாழம்பூ வாசம். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எங்கள் நாற்காலிகளே மிதப்பது போல் இருந்தது.

“அண்ணா, நாம ஜெயிச்சுட்டோமா?” என்று கேட்டேன். குரல் என்னுடையதா மண்டுவுடையதா என்று எனக்கே தெரியவில்லை.

“ஜெயிச்சுட்டோம் மாமே” என்றார் திருடன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன், கறிநாள் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டேன். ஜன்னல் வழியாக நான் கேட்டதை இதுவரை அவர்களிடம் சொன்னதில்லை, இதைப் படித்தால்தான் தெரியும். அன்று அவர்கள் பாலத்தில் ஏறியது மண்டுவுக்காகவா, எனக்காகவா என்று நான் கேட்டுக்கொண்டதும் இல்லை. தோற்போம் என்று தெரிந்தே இரண்டு பேர் கூட வந்ததை நினைத்தால், எனக்கு இங்கே யாரும் இல்லை என்று சொல்ல இன்றைக்கும் நாக்கு எழுவதில்லை.